மண்ணில் செலினியம் எந்த வடிவில் இருக்கிறது? பிரித்து அளக்கும் முறை

பெரும்பாலான மண்ணில் கிலோவுக்கு 2 மி.கி.க்கும் குறைவாகத்தான் செலினியம் இருக்கும். அதில் எவ்வளவு பயிருக்குக் கிடைக்கும் என்பதை மொத்த அளவு சொல்லாது, வடிவம்தான் சொல்லும். காற்றோட்டமுள்ள கார மண்ணில் அது செலினேட்டாக (ஆக்சிஜன் கூடிய வடிவம்) நீரோடு ஓடிவிடும். அமில மண்ணில் செலினைட்டாக (ஆக்சிஜன் குறைந்த வடிவம்) இரும்பு ஆக்சைடில் ஒட்டிக்கொள்ளும். நீர் தேங்கினால் தனிமமாகவோ, உலோகத்தோடு சேர்ந்த செலினைடாகவோ கரையாமல் முடங்கும். ஒரு பங்கு மட்கோடு பிணைந்திருக்கும்.

படி 1: மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நைசாக அரைக்கவும். ஓவன் வேண்டாம், சூட்டில் சில சேர்மங்கள் ஆவியாகிவிடும். நீர் தேங்கிய மண்ணை உலர்த்தவே கூடாது. காற்றுப் பட்டதும் வடிவம் மாறிவிடும். ஈரமாகவே எடுத்து, ஈரப்பதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

படி 2: 50 மி.லி. மையவிலக்குக் குழாயில் 1 கிராம் மண், 20 மி.லி. 0.25 மோலார் பொட்டாசியம் குளோரைடு. 1 மணி நேரம் குலுக்கி, சுழற்றி, தெளிவை வடிகட்டவும். கரையும் செலினியம், முக்கியமாகச் செலினேட், இதில் வரும். வண்டலோடு குழாயை எடை போடுங்கள். வண்டலில் தங்கிய கரைசல் அடுத்த படியின் அளவைக் கூட்டிக் காட்டும், அதைக் கழிக்க இந்த எடை வேண்டும்.

படி 3: அதே வண்டலில் 20 மி.லி. 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல், பி.எச். 7, 24 மணி நேரம். பாஸ்பேட் செலினைட்டின் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளும்.

படி 4: 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 85 டிகிரியில் 4 மணி நேரம். மட்கோடு பிணைந்தது கரையும். கரைசல் காப்பிக் கறையாக இருக்கும். பெர்சல்பேட்டால் கரிமத்தைச் சிதைக்காமல் ஹைட்ரைடு கருவியில் (செலினியத்தை ஹைட்ரைடு வாயுவாக்கி அளப்பது) விட்டால் நுரை பொங்கும்.

படி 5: எஞ்சிய வண்டலை மூடிய மைக்ரோவேவ் கலத்தில் நைட்ரிக் அமிலத்தோடு செரிக்கவும். பிறகு அமிலத்தை ஆவியாக்கிக் குறைக்கலாம், வறள விடக்கூடாது.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது அளவிடும்போதுதான். ஹைட்ரைடு முறை செலினைட்டை மட்டுமே காணும். எனவே சாற்றோடு சம அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 90 டிகிரியில் 30 நிமிடம் வைத்துச் செலினேட்டைச் செலினைட்டாக்குங்கள். மூடியை இறுக்கினால் உருவாகும் குளோரின் அதைப் பழையபடி மாற்றிவிடும். ஆர்சனிக்கு அளக்கும் பழக்கத்தில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் செலினியம் தனிமமாக வீழ்ந்துவிடும்.

அமிலம் சேர்த்ததால் கரைசல் இருமடங்கு நீர்த்திருக்கிறது. கருவி லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் காட்டினால் சாற்றில் 6. 20 மி.லி.க்கு 0.12 மைக்ரோகிராம், அதாவது கிலோ மண்ணுக்கு 0.12 மி.கி.

அதே மண்ணில் இன்னொரு கிராமைத் தனியாக முழுதும் செரித்து, நான்கு பங்குகளின் கூட்டலோடு ஒப்பிடுங்கள். கூட்டல் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் முதலில் படி 5இல் வறண்டதா என்று பாருங்கள்.