பல்லோடு நாக்கின் ஓரத்தையும் பாருங்கள்

பல் மருத்துவர்களே, பல்வலி என்று வருபவருக்குப் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள்; வாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளையும் தேடுங்கள். நாக்கு நுனியைக் காஸ் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, பின்பக்க ஓரம் வரை பாருங்கள். அப்புறம் மறுபக்கம், நாக்கின் அடி, வெற்றிலை அடக்கும் கன்னத்தின் உட்பக்கம்.

துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டைக் குறித்து வையுங்கள். வெல்வெட் போலச் சிவந்த திட்டு அதைவிட ஆபத்தானது. வலிக்கவில்லையே என்று நோயாளி சொன்னால் நம்பிவிட வேண்டாம்; தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கூரான பல் குத்திய புண் என்று தோன்றினால், பல்லின் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டு 2 வாரத்தில் வரச் சொல்லுங்கள். அப்போதும் ஆறவில்லை என்றால் ஜெல் எழுதிக்கொடுத்து நாளைக் கடத்தாமல் பயாப்சிக்கு (புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) அனுப்புங்கள். தொட்டால் கெட்டியாக இருக்கும் புண்ணுக்கு அந்த 2 வாரமும் கிடையாது.

பாக்கு போடுபவர் வாயைத் திறந்தால் அவருடைய 3 விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைய வேண்டும். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸை, அதாவது வாயின் உட்தோல் இறுகி, புற்றுநோயாக மாறக்கூடிய நிலையை, சந்தேகப்படுங்கள். "புகையிலை இல்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெறும் பாக்கையும் புற்றுநோய்க் காரணியாகவே வகைப்படுத்தியிருக்கிறது.