டேங்க் நிரம்பினால் மட்டும் வரும் பெட்ரோல் வாடை

கார்புரேட்டர் வைத்த பழைய பிக்கப். ஃபுல் டேங்க் அடித்தால் கேபினுக்குள் வாடை தூக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் வாடையே இருக்காது. தரையில் ஒரு சொட்டு கிடையாது.

கார்புரேட்டர் கேஸ்கெட், பம்ப், ஃபில்டர் ஹோஸ் எல்லாம் காய்ந்தே இருந்தன. டேங்க் மூடியை மாற்றியும் பலனில்லை.

நிரம்பினால் மட்டும் வாடை என்றால் கசிவு டேங்கின் தலைப்பக்கம்தான். டேங்கை இறக்குவதைவிட பின்பெட்டியைத் தூக்குவது சுலபம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பிறகு பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் கழுத்து ஸ்க்ரூ, டெயில் லாம்ப் ஒயர், ஒரு பக்க போல்ட்டுகள். மறுபக்கத்தைத் தளர்த்திவிட்டு, தூக்கி, கனமான கட்டையால் முட்டுக் கொடுத்தேன்.

ஃபில்லர் குழாயை ஒட்டிப் போகும் மெல்லிய காற்றுப்போக்கு ஹோஸ் பார்வைக்கு முழுசாகவே இருந்தது. ஆனால் கிளாம்ப் ஓரத்தில் மட்டும் தூசி ஈரமாகக் கறுத்து ஒட்டியிருந்தது. வளைத்ததும் மயிரிழை வெடிப்பு வாயைத் திறந்தது. கசிவது சொட்டுவதற்குள் ஆவியாகிவிடும்.

30ஆர்7 என்ற தரக்குறி அச்சிட்ட பெட்ரோல் ஹோஸ் போட்டேன். ஹீட்டர் ஹோஸ் போடவே கூடாது, பெட்ரோலில் உப்பிக் கூழாகிவிடும். பெட்டி தூக்கியிருக்கும்போதே டேங்க் மேலே இருக்கும், பெட்ரோல் அளவை மீட்டருக்கு அனுப்பும் யூனிட்டின் (sender) ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். அந்த யூனிட்டைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்ட பித்தளைப் பஞ்ச் மட்டும், இரும்பு பொறி கிளப்பும்.

ஃபுல் டேங்க் அடித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். வாடை இல்லை.