டொமைனில் கணினி சேர மறுத்தால் டிஎன்எஸ்ஸில் பார்க்க வேண்டியவை

கணினியை அலுவலக டொமைனில், அதாவது ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகளின் குழுவில், சேர்க்க அதன் பெயரைக் கொடுத்து ஓகே அழுத்தியதும் விண்டோஸ் கொஞ்ச நேரம் யோசிக்கிறது. பிறகு டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வருவதற்கு முன்பே இந்தப் பிழை வந்தால், கணக்கைச் சந்தேகித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கணினி இன்னும் கண்ட்ரோலரைக் கண்டுபிடிக்கவே இல்லை. தவறு பெரும்பாலும், பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும்.

கணினி கண்ட்ரோலரைத் தேடும் விதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் ஒரு சேவை எந்தச் சர்வரில், எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவைக் கேட்கும். கண்ட்ரோலர்களின் பெயரும் 389 என்ற போர்ட் எண்ணும் பதிலாக வரும். அடுத்து அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும். கடைசியாக அந்த முகவரிக்கு யுடிபி 389-இல் எல்டாப் (டொமைனின் விவரங்களைக் கேட்டறியும் நெறிமுறை) வழியே ஒரு சிறு கேள்வியை அனுப்பும். மூன்றில் எது அறுந்தாலும் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். அதனால் அதே கேள்விகளை நாமே கையால் கேட்டு, எங்கே அறுகிறது என்று பார்க்க வேண்டும். சர்வருக்கு பிங் போகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐபிக்கு பிங் போவதற்கு டிஎன்எஸ் தேவையே இல்லை.

கீழே கட்டளைகள் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்தில் தட்டும்போது புள்ளி, அடிக்கோடு, சாய்கோடு எதையும் விடாதீர்கள். டொமைனின் பெயர் கார்ப்.எக்ஸாம்பிள்.காம் என்றும், டொமைன் கண்ட்ரோலர் 192.168.10.5, ரவுட்டர் 192.168.10.1 என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் சேர வேண்டிய கணினியில்:

ஐபிகான்ஃபிக் /ஆல்

டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியை மட்டும் பாருங்கள். அங்கே 192.168.10.5 இருக்க வேண்டும். ரவுட்டரின் முகவரியோ 8.8.8.8 போன்ற பொது முகவரியோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உள் டொமைனின் பதிவுகள் அந்தச் சர்வர்களுக்குத் தெரியாது.

முதலாவதாக உள் சர்வர், இரண்டாவதாக ஒரு காப்புக்கு 8.8.8.8 என்று வைப்பது பரவலான பழக்கம். இது ஆபத்தானது. முதல் சர்வர் குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் இரண்டாவதிடம் போகும், அதையே சிறிது காலம் பிடித்தும் கொள்ளும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பொதுச் சர்வர் சொல்வதும் முழுமையான பதில்தான். அதன் பிறகு வேறு யாரையும் கேட்க விண்டோஸுக்குக் காரணம் இல்லை. காலையில் சேர்ந்த கணினி மதியம் தடுமாறுவது இதனால்தான். இரண்டாவது முகவரி வேண்டுமென்றால் இன்னொரு டொமைன் கண்ட்ரோலரைக் கொடுங்கள். இணையத்துக்கான பெயர்களை, உள் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வேர்டர்ஸ் (தனக்குத் தெரியாத பெயர்களை அது கேட்க வேண்டிய சர்வர்கள்) பகுதியில் பொது முகவரியைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் கையால் மாற்றுவதைவிட, கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி ஸ்கோப்பில், டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் 006 என்ற ஆப்ஷனைத் திருத்துவதே நிலையான வழி.

அதே பட்டியலில் ஐபிவி6 முகவரி ஏதாவது டிஎன்எஸ் சர்வராக நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இணையச் சேவையின் ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ் சர்வராக ஐபிவி6 வழியே அறிவித்துக்கொள்வது உண்டு. ஐபிவி4 அமைப்பு கச்சிதமாக இருந்தும் கேள்வி அங்கே போய்விடும். சோதனைக்காக அடாப்டரில் ஐபிவி6 குறியை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் சரிசெய்ய வேண்டிய இடம் ரவுட்டரின் அறிவிப்புதான். மடிக்கணினி என்றால், கேபிளோடு விருந்தினர் வைஃபையும் இணைந்திருக்கிறதா என்று பார்த்து அதை அணைத்துவிடுங்கள்.

முகவரி சரியென்றால் அடுத்தது முக்கியமான சோதனை:

என்எஸ்லுக்அப் -டைப்=எஸ்ஆர்வி _எல்டாப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ்.கார்ப்.எக்ஸாம்பிள்.காம்.

கடைசிப் புள்ளியைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் சஃபிக்ஸை (பெயரின் பின்னால் சேர்க்கும் டொமைன் பெயர்) ஒட்டித் தேடக்கூடும். சர்வரின் பெயர் 'அன்நோன்' என்று முதல் வரியில் வந்தால் பதற வேண்டாம். அந்த முகவரிக்கு ரிவர்ஸ் பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) இல்லை என்பதே அதன் பொருள், டொமைனில் சேர்வதை அது தடுக்காது.

கண்ட்ரோலரின் பெயரும் 389-உம் வந்தால் அந்தப் பெயரைத் தனியே என்எஸ்லுக்அப் செய்யுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. என்எஸ்லுக்அப் நேராகச் சர்வரிடம் கேட்கும். கையால் பெயர்-முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும், முன்பு கிடைத்த பதில்களைச் சேமித்துவைக்கும் கணினியின் கேஷையும் அது பார்ப்பதில்லை. அதில் சரியான முகவரியும் பிங்கில் வேறு முகவரியும் வந்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ எழுதிவைத்த பழைய வரியைத் தேடுங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்.

எஸ்ஆர்வி பதிவே இல்லை என்றால் பிரச்சினை சர்வர் பக்கம். அந்தப் பதிவுகளை எழுதுவது கண்ட்ரோலரில் ஓடும் நெட்லாகன் சேவை. கண்ட்ரோலரின் சொந்த நெட்வொர்க் கார்டிலேயே ரவுட்டரை டிஎன்எஸ்ஸாக வைத்திருந்தால், பதிவுகளை எங்கே எழுதுவதென்று அதற்குத் தெரியாது. முதலில் அதை மாற்றுங்கள். டிஎன்எஸ் ஸோனில் (டொமைனின் பதிவுகள் இருக்கும் பகுதி) டைனமிக் அப்டேட், அதாவது பதிவுகள் தானாக எழுதப்படுவது, அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கண்ட்ரோலரில் நிர்வாகி உரிமையோடு:

ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்
நெட் ஸ்டாப் நெட்லாகன்
நெட் ஸ்டார்ட் நெட்லாகன்

சில நிமிடங்களில் _எம்எஸ்டிசிஎஸ் கோப்புறைக்குள் பதிவுகள் திரும்ப வர வேண்டும். என்னென்ன வர வேண்டும் என்ற முழுப் பட்டியல் கண்ட்ரோலரின் சிஸ்டம்32 கோப்புறையில், கான்ஃபிக் உள்ளே, நெட்லாகன்.டிஎன்எஸ் என்ற கோப்பில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு இருந்தும் முகவரி தவறாக இருக்கலாம். கண்ட்ரோலரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால், கணினிகளால் எட்ட முடியாத முகவரியும் பதிவாகிவிடும். முறையாக விலக்காமல் அணைத்துப்போட்ட பழைய கண்ட்ரோலரின் பெயரும் பட்டியலில் தங்கியிருக்கும். சில நேரம் சேர்கிறது, சில நேரம் சேரவில்லை என்ற புகார் வந்தால் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

பிழைப் பெட்டியில் விவரம் என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு குறியீடு தெரியும். அதன் கடைசி எழுத்துகள் 232பி என்றால் கேட்ட பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லை. 232ஏ என்றால் சர்வரே பதில் தர முடியாமல் தோற்றது, ஸோன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 5பி4 என்றால் நேரம் கடந்தும் பதில் வரவில்லை, ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட் யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும். 267சி என்றால் கணினியில் டிஎன்எஸ் சர்வரே குறிக்கப்படவில்லை.

டொமைனின் குறும்பெயரை மட்டும் கொடுத்துச் சேர்க்காதீர்கள். குறும்பெயர்த் தேடல் நெட்பயாஸ் ஒலிபரப்பை (அருகிலுள்ள எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் கேட்கும் பழைய முறை) நம்பியிருக்கும்போது அது ரவுட்டரைத் தாண்டாது. முழுப் பெயரையே கொடுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தால், மீண்டும் சேர்க்கும் முன் இதைக் கணினியில் ஓட்டுங்கள்:

என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:கார்ப்.எக்ஸாம்பிள்.காம் /ஃபோர்ஸ்

கண்ட்ரோலரின் பெயரும் முகவரியும் வந்தால் தேடல் முழுதும் வேலை செய்கிறது. 1355 என்ற எண் வந்து, டிஎன்எஸ் பதில்கள் மட்டும் சரியாக இருந்தால், யுடிபி 389 வழியில் மறிக்கப்படுகிறதா என்று ஃபயர்வாலில் பாருங்கள்.

கடவுச்சொல் கேட்ட பிறகு தோற்றால் அது வேறு கதை. கணினிக்கும் கண்ட்ரோலருக்கும் கடிகார வேறுபாடு 5 நிமிடத்துக்கு மேல் இருந்தால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுக்கும். 88, 445 போர்ட்களையும் பாருங்கள். எந்தப் படியில் நின்றது என்பது விண்டோஸ் கோப்புறையின் டீபக் உள்ளே இருக்கும் நெட்செட்அப்.லாக் கோப்பின் கடைசி வரிகளில் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும்.