ஊரோடு சேர்ந்து ஒரு மண் படிப்பகம்: முதன்முறை கட்டுபவர்களுக்கான செய்முறை

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், உள்ளளவு 20 அடிக்கு 12 அடியில், பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஒரு படிப்பகம் கட்டினோம். சுவர் மண், கூரை பனங்கையும் (பனை மரத்துச் சட்டம்) ஓடும். கட்டியது அந்த ஊர்க்காரர்கள், நான் கூட இருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பலர், "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு கட்டணும், எங்கிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்கிறார்கள். இதுவரை ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைத்துப் பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் கட்டடம் வருடந்தோறும் கொஞ்சம் கவனிப்புக் கேட்கும். அங்கே ஒரு பூச்சு, இங்கே ஒரு ஓடு என்று பார்த்துக்கொண்டால் தலைமுறை தாண்டி நிற்கும். பார்க்க ஆளில்லை என்றால் நாலு மழையில் கரையும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து வருடம் கழித்து இந்தச் சுவரைப் பூசப்போகிறவர் இப்போது நம்மோடு இருக்கிறாரா?

படி 1: வரைபடம் இல்லாமல் ஊருக்குப் போங்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் காகிதமே எடுக்காதீர்கள். ஊரைச் சுற்றி நடங்கள், உட்காருங்கள், கேளுங்கள். ஒரே கூட்டமாகக் கூட்டினால் நாலு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலை முடிந்து மரத்தடியில் இளைப்பாறும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். சாவடியில் இருக்கும் பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்து, தரையில் ஊரை வரையச் சொல்லுங்கள். எங்கே விளையாடுகிறார்கள், எந்த வழியாகப் போகப் பயப்படுகிறார்கள் என்று அவர்கள் வரைவதிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி எல்லோரிடமும் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் மறந்தவர் யாருமில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அன்றைக்கு உங்கள் ஊரில் தண்ணீர் எதுவரை வந்தது? எந்தச் சுவரில் கறை நின்றது? அந்த மட்டத்தை ஒரு கம்பில் குறித்து வையுங்கள். பேஸ்மட்டத்தின், அதாவது சுவருக்கு அடியில் தரைக்கு மேல் எழும் கல் கட்டின், உயரத்தை அந்தக் கம்புதான் சொல்லப்போகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணும் கருத்துமாக இருங்கள். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு யார் வரலாம், யார் தயங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு தெருவுக்குள் கட்டினால் அது அந்தத் தெருவின் கட்டடமாகவே நின்றுவிடும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் யாருடைய வாசலையும் தாண்டாமல் வந்து சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். எங்களுக்கு அது பேருந்து நிற்கிற இடத்துக்கு அருகே கிடைத்தது. மூன்று மாதம் தள்ளிப்போனாலும் சரி, இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 2: நிலம், அனுமதி

நிலம் எந்த வகை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளத்துப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடும். கட்டட அனுமதிக்கு ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

படி 3: காலத்தைக் கணக்குப் பண்ணுங்கள்

பிசான நெல் அறுப்பு முடிகிற மாசி, பங்குனிதான் தோதான நேரம். வைக்கோல் புதிதாகக் கிடைக்கும், ஆட்களுக்கும் வேலை குறைவு. பங்குனியில் மண்கல் (சுடாத மண் செங்கல்) அறுத்து, சித்திரை வைகாசியில் சுவர் எழுப்பி, ஆனியில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) வலுக்கும் முன் ஓடு ஏற்றிவிட வேண்டும். பூச்சு வேலையை ஆவணிக்குள் முடித்தால், ஐப்பசி மழைக்கு முன் சுவர் நன்றாகக் காய்ந்துவிடும்.

படி 4: தரையில் முழு அளவில் வரையுங்கள்

எல்லாப் படியிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். தேவையானவை: 20 முளைக்குச்சி, ஒரு கட்டுச் சணல் கயிறு, ஒரு வாளி சுண்ணாம்புப் பொடி. தேர்ந்தெடுத்த இடத்தில் கட்டடத்தை உள்ளபடியே, அடிக்கு அடி, தரையில் வரைந்துவிடுங்கள். சுவர் வருமிடத்தில் கயிறு, சன்னலுக்கு ஒரு குச்சி, கதவுக்கு இடைவெளி. மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். நம் கொத்தனார்களுக்கு இது கைப்பழக்கம்.

அப்புறம் ஊரை அழையுங்கள். உள்ளே நடக்கட்டும், உட்காரட்டும். பாய் விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, எத்தனை பேர் கொள்கிறார்கள் என்று பாருங்கள். காகிதத்தில் கோடு பார்த்து ஒன்றும் சொல்லாதவர்கள், கயிற்றுக்குள் வந்து நின்றதும் பேச ஆரம்பிப்பார்கள்.

நாங்கள் வாசலைச் சாலைப் பக்கம் வைத்திருந்தோம். ஒரு ஆச்சி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏ தம்பி, போறவன் வாறவன்லாம் பாத்துக்கிட்டே போவான். பொம்பளப் புள்ளைய இதுல எப்படி உக்காந்து படிக்கும்? வாசல வேப்பமரத்துப் பக்கம் திருப்புங்க" என்றார். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கயிற்றை அவிழ்த்து மாற்றிக் கட்ட ஐந்து நிமிடம்தான் ஆனது. சாலைப் பக்கம் வெளியே ஒரு திண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் திண்ணையில் உட்காருகிறார்கள்.

கோடு ஒரு வாரமாவது தரையில் இருக்கட்டும். வேலைக்குப் போய்வருபவர்கள் ராத்திரி வந்து பார்த்துவிட்டுக் காலையில் சொல்வார்கள்.

படி 5: மண்ணைப் பரிசோதியுங்கள்

கட்டடப் பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னார். அதைக் கடைசிவரை பின்பற்றிக் கட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007). அவர் அதிகம் வேலை செய்தது பக்கத்துக் கேரளத்தில். நமக்கும் அந்த ஐந்து மைலே போதும், ஆனால் எந்த மண் எதற்கு ஆகும் என்று தெரிய வேண்டும்.

மேலே இரண்டடி மண்ணில் வேரும் மக்கும் இருக்கும், அதை ஒதுக்குங்கள். கரிசல் மண்ணைச் சுவருக்கு எடுக்காதீர்கள். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பிளக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் சிவப்பாக இருப்பதால் நல்ல செம்மண் என்று நினைத்துவிடக்கூடாது. அதில் களி (களிமண்) குறைவு, ஒட்டாது. களி கூடிய மண்ணோடு கலக்க மட்டும் ஆகும். செவல் (செம்மண்) காட்டு மண் பெரும்பாலும் சரியாக வரும். எந்த இடத்தில் தோண்டுவதானாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.

மூன்று சோதனை. மூன்றையும் பிள்ளைகளை வைத்தே செய்யலாம்.

பாட்டில் சோதனை: அகல வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் கீழே இறங்கிவிடும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. களி முழுதும் படிய ஒரு நாள் ஆகும். அளவுகோலை வைத்துப் பாருங்கள். மொத்தத்தில் களி 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் மண்கல்லுக்கு ஆகும்.

உருண்டைச் சோதனை: ஈர மண்ணைக் கைப்பிடி அளவு உருட்டி, நெஞ்சு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். பொடிப்பொடியாகச் சிதறினால் மணல் அதிகம். சப்பையாக அமுங்கினால் களியோ தண்ணீரோ அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம்.

பெட்டிச் சோதனை: 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை நிரப்பி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். மண்ணை ஒரு ஓரத்துக்குத் தள்ளி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் போனால் மணல் சேர்த்து மறுபடி செய்யுங்கள்.

ஊரில் மண்சுவர் வைத்துப் பழகிய முதியவர் ஒருவராவது இருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எங்களுக்குக் கிடைத்த தாத்தா, மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிக் காட்டினார். சட்டென்று கழுவிப் போனால் மணல், வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் களி. பாட்டில் மறுநாள் சொன்னதை அவர் அப்போதே சொல்லிவிட்டார். அதன்பிறகு கலவையின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்.

படி 6: அஸ்திவாரமும் பேஸ்மட்டமும்

செவலில் இரண்டரை, மூன்றடி ஆழம் போதும். கரிசலாக இருந்தால் கீழே சுக்கானோ (சுண்ணாம்புப் பாறை) சரளோ தட்டும்வரை தோண்டி, எடுத்த கரிசலைத் திரும்பக் கொட்டாமல் மணலும் சரளும் நிரப்பித் திமிசு (இடிக்கும் கட்டை) போட்டு இறுக்குங்கள். அதன்மேல் கருங்கல் கட்டு. பேஸ்மட்டம் தரையிலிருந்து குறைந்தது இரண்டடி. படி 1இல் குறித்து வைத்த கம்பு அதைவிட உயரம் காட்டினால், கம்பு சொல்வதைக் கேளுங்கள். இந்த ஒரு வேலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மண்சுவருக்குக் கீழிருந்து ஈரம் ஏறக்கூடாது. பேஸ்மட்டத்தின் உச்சியில் ஒரு அங்குலம் கெட்டியான சிமெண்ட் கலவைப் பட்டை போட்டுவிடுங்கள். மண் கட்டடத்தில் சிமெண்டே கூடாது என்ற பிடிவாதம் எனக்கில்லை, தேவையான இடத்தில் தேவையான அளவு.

படி 7: கல் அறுத்துச் சுவர் எழுப்புதல்

புதியவர்களுக்கு நான் சொல்வது சுடாத மண்கல். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் கற்றுக்கொடுக்கும் அழுத்தக் கல்லும் நல்ல வழிதான். அதற்கு இயந்திரம் வேண்டும், 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் வேண்டும். மண்கல்லுக்கு ஒரு மரச்சட்டம் போதும்.

மண்ணைச் சலித்து, குழியில் கொட்டித் தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கோலைத் தூவி மிதியுங்கள். இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு மறுபடி மிதியுங்கள். சட்டத்தின் உள்ளளவு 12 அங்குல நீளம், 8 அகலம், 4 உயரம். சட்டத்தை நனைத்து, மண்ணை ஓங்கி அடித்து நிரப்பி, மேலே வழித்து, சட்டத்தைத் தூக்கிவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் புரட்டி நிறுத்தி, மூன்று வாரமாவது காயவிடுங்கள். சித்திரை வெயில் நேராகப் பட்டால் வெடிக்கும், மேலே ஓலை மூடுங்கள். எட்டரை அடிச் சுவருக்கு, கதவு சன்னல் போக, ஏறக்குறைய 1,900 கல் தேவைப்படும். உடைவுக்கும் சேர்த்து 2,100 அறுத்துக்கொள்ளுங்கள்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஊர் வேலைதானே' என்று அன்றாடங்காய்ச்சிகளிடம் சும்மா உழைப்பைக் கேட்பது அநியாயம். ஒரு நாள் வேலையை விட்டு வந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்காது. கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லோருக்கும் முழுக் கூலி கொடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுங்கள். விரும்பி வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றை ஒதுக்கி, அன்றைக்கு ஊர்ச் சோறு பொங்குங்கள். எங்களுக்குப் பாதிக் கல் அப்படித்தான் வந்தது. பல பிள்ளைகள் தாங்கள் அறுத்த கல்லில் விரல் அடையாளம் வைத்தார்கள்.

சுவரை 12 அங்குலக் கனத்தில் கட்டுங்கள். ஒட்டுவதற்கும் அதே மண்தான், வைக்கோல் மட்டும் சேர்க்காமல். ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றாதீர்கள். கதவும் சன்னலும் மூலையிலிருந்து மூன்றடியாவது தள்ளி வரட்டும். சுவரின் மேல் மூன்றடிக்குள் கம்பிகளைப் பதித்து நுனியை வெளியே விட்டு வையுங்கள். மேல்காற்று கூரையைத் தூக்காமல் பிடித்துக்கொள்ளப்போவது அவைதான்.

படி 8: கூரை

வைரம் ஏறிய பழைய பனையாகப் பாருங்கள். வெளிப்புறக் கருப்பு மரம்தான் பலம், உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால், பிரித்த பழைய வீடுகளின் பனங்கைகளைத் தேடுவது எளிது. சீமை ஓடும் (மங்களூர் ஓடு) அப்படியே பழையதாகக் கிடைக்கும். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு.

இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம், நாலு பக்கமும் மூன்றடி வெளியே வரட்டும். தெற்கு வெயிலுக்கு மட்டும் நிழல் கொடுத்தால் போதும் என்பார்கள். நம் பக்கத்துக்கு அது பொருந்தாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும்.

படி 9: பூச்சு

மண்சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு பாளம்பாளமாகப் பெயர்ந்து வரும். முதல் பூச்சு மண்ணும் சாணமும். காய்ந்து விரிசல் விட்ட பிறகு இரண்டாவது பூச்சு, சலித்த மணலும் சுண்ணாம்பும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தாளித்த சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தண்ணீருக்குள் கிடக்கட்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தால் பூச்சு இறுகும். எவ்வளவு என்பதை ஊர்க் கொத்தனாரிடம் கேட்டு, ஒரு சின்ன இடத்தில் பூசிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைசிப் பூச்சைப் பெண்கள் கையாலேயே தேய்த்து முடித்தார்கள். வீட்டுச் சுவரும் தரையும் மெழுகிப் பழகிய கை, கரண்டியைவிட வழவழப்பாக வந்தது.

படி 10: ஒப்படைப்பு

மார்கழிக் கடைசியில் எல்லா வீட்டிலும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். அதே நாளில் படிப்பகத்துக்கும் சேர்த்து அடிப்பது என்று கிராம சபையில் பேசி முடித்துவிடுங்கள். மழைக்கு முன் புரட்டாசியில் ஒருவர் ஏறி ஓடு பார்க்க வேண்டும், யார் என்று பெயர் குறித்து வையுங்கள். 50 ஓடு, 30 மண்கல், ஒரு சாக்கு சலித்த மண், கல் அறுத்த மரச்சட்டம் ஆகியவற்றைத் திண்ணைக்கு அடியில் ஒரு அறை விட்டு அதில் வைத்துவிட்டு வாருங்கள்.