பாலூட்டும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டால்

பாலூட்டும் மார்பு நாளெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. விடியற்காலையில் இறுகிக் கனத்திருப்பது, குழந்தை குடித்து முடித்ததும் தளர்ந்துவிடும். ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் தெரியும். பிரசவமான 3, 4ஆம் நாளில் பால் இறங்கும்போது சிலருக்கு அக்குளில்கூட வீக்கம் வரும். பால் சுரக்கும் திசு அங்கேயும் கொஞ்சம் இருப்பதுதான் காரணம். இத்தனை மாற்றங்களுக்கு நடுவில் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மனம் பதறுவது இயல்பு. பெரும்பாலான கட்டிகள் தீங்கற்றவை. ஆனால் "பால் கட்டியிருக்கும், தானாகப் போய்விடும்" என்ற பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடக் கூடாது. அடுத்த சில நாட்களில் அந்தக் கட்டி என்ன ஆகிறது என்பதே நல்ல தடயம்.

அதனால் முதல் வேலை, சரியாகத் தடவிப் பார்த்துக் குறித்துவைப்பது. பால் நிறைந்திருக்கும்போது பார்த்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். குழந்தை குடித்தபின், அல்லது பாலைப் பீச்சியபின் பாருங்கள். மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வையுங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சிறு வட்டங்களாக, காறை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை, நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரை தடவுங்கள். பிறகு கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டும் தூக்கியும், தோல் எங்காவது உள்ளிழுக்கிறதா என்று பாருங்கள். "வலது மார்பு, 10 மணி திசை, காம்பிலிருந்து இரண்டு விரற்கடை, வலி உண்டு, காய்ச்சல் இல்லை" என்று தேதியோடு எழுதிவையுங்கள். சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுப் படம் எடுங்கள். பரவுகிறதா, சுருங்குகிறதா என்று மறுநாள் தெரிந்துவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு சரியாகத் தெரியாது, ஊதா கலந்த கருமையாகவே தெரியும். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

வலியுள்ள கட்டி, காய்ச்சல் இல்லை, குடித்தபின் கொஞ்சம் இளகுகிறது என்றால் அது பால் கட்டிக்கொண்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குழாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. சுற்றியுள்ள திசு வீங்கி, நுண்குழாய்களை வெளியிலிருந்து நெருக்குவதே முக்கியக் காரணம் என்பது இன்றைய புரிதல். ஆகவே எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவினால் வீக்கம் இன்னும் கூடும். மார்பைக் காலி செய்கிறேன் என்று ஓயாமல் பீச்சினால் உடல் அதற்கேற்ப மேலும் சுரக்கும். குழந்தை கேட்கும்போது மட்டும், வழக்கம்போலக் கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஒரு நாளில் பல முறை வைக்கலாம். கட்டியிலிருந்து அக்குளை நோக்கித் தோலை மட்டும் இலேசாக வருடலாம். சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், 8 மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவிர்த்துப் பாராசிட்டமால் எடுக்கட்டும். காம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றவைப்பதற்கான பழைய வழி, தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர்களுக்குப் பொருந்தாது. ஓரிரு நாட்களில் கட்டி குறையத் தொடங்க வேண்டும்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி, குளிர் நடுக்கமும் உடல்வலியும் சேர்ந்தால் அது மார்பு அழற்சி. ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வழக்கமாக 10 முதல் 14 நாள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கத்துப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. திடீரென்று கொடுப்பதை நிறுத்தினால்தான் சீழ்கட்டும் அபாயம் கூடும். மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். சீழ்க்கட்டி என்றாலும் பெரும்பாலும் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம். சிலருக்கு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் இரண்டு மார்பிலும் துருநிறப் பால் வந்தால் பயப்பட வேண்டாம். புதிதாக வளரும் குழாய்களின் நுண்ணிய இரத்த நாளங்களிலிருந்து கசிவது அது. சில நாட்களில் நின்றுவிடும், குழந்தை குடிக்கலாம். காம்பு வெளுத்து, நீலமாகிப் பிறகு சிவந்து வலித்தால் நாளம் சுருங்குவது காரணம். குளிர் படாமல் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாதவை வேறு: ஒரே இடத்தில் இரண்டு வாரமாகக் குறையாத கட்டி, ஓரம் ஒழுங்கில்லாமல் கெட்டியாக இருப்பது, தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் போல் குழிகுழியாவது, புதிதாகக் காம்பு உள்ளிழுப்பது, ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத சொறிப்புண், ஒரே துளையிலிருந்து தானாக இரத்தம் வருவது, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ கெட்டியாக நெறி கட்டுவது, அழற்சி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது. மார்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவந்து, ஆன்டிபயாடிக் முடித்தும் தணியாவிட்டால் இன்னும் அவசரம். அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் இப்படித்தான் சாதாரண அழற்சி வேடத்தில் வரும். "வலித்தால் புற்றுநோய் இல்லை" என்ற ஆறுதலையும் நம்பாதீர்கள்.

இதற்குப் பார்க்க வேண்டியது அறுவைச் சிகிச்சைப் பிரிவில்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும்போதே மார்பில் கட்டி என்று சொல்லுங்கள். பரிசோதனைக்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே. இரண்டும் பாலைப் பாதிக்காது. உள்ளே போகுமுன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் படம் தெளிவாக வரும். சதைத் துணுக்கு எடுக்கச் சொன்னால் தடித்த ஊசியால் எடுக்கும் பயாப்ஸி நல்லது. அரிதாக அந்தத் துளை வழியே கொஞ்ச நாள் பால் கசியலாம். பாலூட்டும் தாய் என்று ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுரக்கும் செல்களின் தோற்றம் மாறியிருக்கும். இது தெரியாமல் பார்த்தால் முடிவு தவறாகலாம்.

ஸ்கேன் அறிக்கையில், படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் பைராட்ஸ் (BI-RADS) என்ற எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் அநேகமாகத் தீங்கற்றது. 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன். 4, 5 என்றால் பயாப்ஸி. 0 என்றால் படம் போதவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும். எண் 1 என்றே வந்திருந்தாலும் கட்டி அதே இடத்தில் கைக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால், தேதியிட்ட குறிப்போடு அதே மருத்துவரிடம் திரும்பிப் போய், அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்.