மழைக்கு முன்னால் தெரு வாறுகாலைத் திறப்பது எப்படி?

2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை. பெய்த மழைதான் போக வழியில்லாமல் மூன்று நாள் முழங்கால் அளவு நின்றது. மறு வருஷம் அந்த வழியை, அதாவது தெரு ஓரத்து மழைநீர் வடிகாலான வாறுகாலை, திறந்தோம்.

1. செப்டம்பரிலேயே தொடங்குங்கள். ஒரு மழை நாளில் குடையோடு, தண்ணீர் போகிற போக்கிலேயே கடைசிவரை நடந்து பாருங்கள்.

2. எந்தத் துண்டு யாருடையது? இங்கேதான் எனக்கு இரண்டு மாதம் போனது. குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, "எங்கள் எல்லை இல்லை" என்று திரும்பி வந்தது. அப்புறம்தான் புரிந்தது: தெரு வாறுகால் மாநகராட்சிக்கு, மெயின் ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலம் நெடுஞ்சாலைத்துறைக்கு, தண்ணீர் போய் விழும் பாளையங்கால்வாய் நீர்வளத்துறைக்கு. ஒன்றை மட்டும் தூர்வாரினால் அடுத்ததில் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரே மனுவில் மூன்று துண்டையும் சர்வே எண்ணோடு பிரித்து எழுதி, மூவருக்கும் நகல் கொடுத்து, "ஒரே நாளில் சேர்ந்து வந்து பாருங்கள்" என்று கேளுங்கள். போன் மேப்பை நம்பாதீர்கள், ரோட்டுக்கு அடியில் இருப்பது அதில் தெரியாது. காகித வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக் கொண்டுபோவதே நல்லது.

3. கடைக்காரர்களிடம் நன்கொடை என்று கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபக்காரர் ஹிட்டாச்சி (நீளக் கை உள்ள மண் அள்ளும் இயந்திரம்) வாடகையும், ஒரு ஹோட்டல்காரர் சாப்பாடும் ஏற்றுக்கொண்டார்கள். வேலை பெரிது என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது: மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஜேசிபியைவிட ஹிட்டாச்சிதான் என் தேர்வு, கரையில் நின்றபடியே அதன் கை எட்டும்.

அள்ளிய சகதியைக் கரையில் குவிக்காதீர்கள். நாங்கள் குவித்தோம், அடுத்த மழையில் பாதி உள்ளே இறங்கிவிட்டது. எங்கே கொட்டலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கி, அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுங்கள்.

4. மழை தொடங்கியதும் சிறுபாலத்து வாயில் சேரும் குப்பையை எடுக்க, தெருவுக்கு இரண்டு பேர். தண்ணீர் ஏறினால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: வாறுகால் மேலேயே கடைப்படி கட்டியிருந்தால் என்ன செய்வது என்று மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் நான்கு கடைகள் அப்படி இருந்தன. இடிக்கச் சொன்னால் பேச்சே முறிந்துவிடும். படி இருந்த இடத்தில் இரும்பு வளையம் வைத்த சிலாப் போடச் சொன்னோம், செலவைத் தெருவே பகிர்ந்துகொண்டது. இப்போது இரண்டு பேர் தூக்கினால் உள்ளே மண்வெட்டி இறங்கும்.