சைக்கிளில் அடிவாரம், தனியாக உச்சி: ஒரே நாளில் போய்த் திரும்ப

சைக்கிள் இருப்பதால் கால்நடையாக எட்ட முடியாத மலையும் ஒரு நாள் தூரத்துக்குள் வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். சைக்கிள் பழுதானால் அதே தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். ஆகவே போகும் நேரத்தைச் சைக்கிள் கணக்கிலும், திரும்பும் நேரத்தை நடைக் கணக்கிலும் போடுங்கள்.

ஒரு கணக்கு: அடிவாரம் வரை 12 கிமீ மண்பாதை, அங்கிருந்து உச்சிக்கு 900 மீட்டர் ஏற்றம், மாலை 6.30க்கு இருட்டு. சைக்கிளில் அடிவாரம் போக 2 மணி நேரம். நடைபாதையில், சமதள நடைக்கு ஆகும் நேரத்தோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். கைகளையும் ஊன்றி ஏறும் பாறையில் மணிக்கு 250 முதல் 300 மீட்டர்தான் நடக்கும். இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். காலை 5க்குக் கிளம்பினால் 7க்கு அடிவாரம், 10.30க்கு உச்சி. 11 மணிக்குள் உச்சி வராவிட்டால், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் 2.30க்குச் சைக்கிளிடம் வந்து, அது ஓடாவிட்டாலும் 5.30க்கு நடந்து வெளியேற முடியும்.

சைக்கிளுக்கு 2 அங்குல டயர், சமதளப் பெடல் போதும்; பாறைக்குப் போடும் ஷூவையே மிதிக்கவும் போட்டுக்கொள்ளலாம். மாற்று டியூப், ஒட்டுப்பொருள், டயர் நெம்பு, பம்ப், செயின் கழற்றும் கருவி, அந்தச் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஆகியவை கட்டாயம். மலை ஏறும்போது இவற்றைச் சைக்கிள் அருகே ஒளித்து வையுங்கள். அங்கேயே ஒரு லிட்டர் தண்ணீரும் இருக்கட்டும். மேலே 2 முதல் 3 லிட்டர் கொண்டு போங்கள். எண் பூட்டு நல்லது, தொலைக்கச் சாவி இல்லை. பாதையிலிருந்து விலகி மரத்தில் பூட்டி, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். வியர்வை உப்புக்காகக் கொறிவிலங்குகள் கையுறையையும் பை வாரையும் கடிக்கும், உயரத்தில் தொங்கவிடுங்கள்.

சைக்கிள் ஹெல்மெட் விழும் கல்லைத் தாங்க என்று செய்ததல்ல. ஈஎன் 1078 (சைக்கிளுக்கு), ஈஎன் 12492 (மலையேற்றத்துக்கு) என்ற இரண்டு ஐரோப்பியத் தரமும் பொறித்த ஹெல்மெட் வாங்கினால் ஒன்றே போதும்.

பாறையில் இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் நகர்த்துங்கள். பிடிக்கும் முன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள்; வெற்றொலி வந்தால் அந்தக் கல்லை நம்ப வேண்டாம். பிடியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மேசை இழுப்பறையை உருவுவதுபோல் வெளிப்பக்கம் இழுத்தால் கல் கையோடு வரும். ஏறும்போது பிடிகள் கண்ணெதிரே இருக்கும், இறங்கும்போது காலால் துழாவ வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இதனால்தான். செங்குத்தான இடத்தில் இரண்டு எட்டு ஏறி, இறங்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். இறங்க முடியவில்லையா, அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது. கயிறு பிடிக்க ஆளில்லாத நாளில் இதில் பேரம் கிடையாது. பாசி படர்ந்த ஈரப்பாறையில் எந்த ஷூவும் வழுக்கும். அடிக்கடி திரும்பிப் பார்த்து வழியைப் படமெடுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா ஓடையும் ஒன்றுபோலவே தெரியும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள் வந்தால் அது ஏறத்தாழ 10 கிமீ தொலைவில்தான். முகட்டை விட்டு இறங்குங்கள். சிக்னல் தேடியே பேட்டரி தீரும், போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். உதவிக்கு நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு.

திரும்பும் சவாரியில் கால் அல்ல, கை தளர்ந்திருக்கும். பாறையைப் பிடித்த விரல்கள் பிரேக்கை முழுசாக அழுத்தாது. கிளம்பும் முன் சக்கரப் பிடிப்பையும் பிரேக்கையும் சோதித்து, நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று கையை உதறிவிட்டுப் போங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் வளைவில் விலங்குகள் திடுக்கிடும், மணியடித்துக்கொண்டே திரும்புங்கள்.

போகும் வழியையும், எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் தேட வேண்டும் என்பதையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக அவரைக் கூப்பிடுங்கள். மறந்தால் தேடும் குழு கிளம்பிவிடும்.